பெயர் மாறிய நோய்களைத் தேடி

(மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நோயியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனைக்குப் பலமுறை வந்துபோனவர்களுக்குக்கூட நோயியல் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருக்காது. உங்களில் பலர் எங்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்திருந்தால், பயாப்சி செய்திருந்தால், அந்தச் சதை எங்கள் கைக்கு வந்திருக்கும். ஃபார்மலின் புட்டியில் வரும் அதை அளக்கிறோம், எடை பார்க்கிறோம், வெட்டிப் பார்க்கிறோம். வேண்டிய துண்டுகளைப் பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக் ஆக்குகிறோம். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறோம். ரிப்போர்ட் சர்ஜனிடம் போய்விடும். பிளாக்கும் ஸ்லைடும் எங்கள் அலமாரியில் தங்கிவிடும். பதிவேட்டில் ஓர் எண், ஓர் ஆண்டு, ஒரு பெயர், நோய் இன்னது என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை மட்டும் நம்பித் தேடுகிறவர் ஏமாந்துபோவார் என்பதையும், ரிப்போர்ட்டில் அதற்கு மேலே எழுதப்பட்டிருக்கும் வரிகளில்தான் ஆராய்ச்சியாளருக்கும் மாணவருக்கும் வேண்டியது இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நோயின் பெயர் என்பது அந்தக் காலத்து அறிவு. முப்பது வருடத்தில் அது மாறிவிடும். கண்ணால் பார்த்து, அளந்து, எண்ணி எழுதியது மாறாது.

ஒரு கட்டியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இரைப்பைச் சுவரிலும் சிறுகுடல் சுவரிலும் ஒருவகைக் கட்டி எழும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீள நீளமான செல்கள், தசைநார்போலத் தெரியும். அதனால் பல பத்தாண்டுகள் அதற்கு லியோமையோமா என்றும், கெட்டது என்று தோன்றினால் லியோமையோசார்கோமா என்றும் எழுதிவந்தார்கள். லியோமையோபிளாஸ்டோமா என்று எழுதியவர்களும் உண்டு. 1983-இல் அமெரிக்காவில் மாஸர், கிளார்க் என்ற இருவர், இவற்றில் பல தசைக் கட்டிகளே அல்ல என்று காட்டி, ஸ்ட்ரோமல் கட்டி என்ற பொதுப்பெயரைக் கொடுத்தார்கள். 1998-இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து ஹிரோட்டாவின் குழு, இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு பழுதாகி ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தது. அந்தப் பழுதைத் தடுக்கும் மருந்து வேறொரு நோய்க்காக, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக, ஏற்கெனவே தயாராகியிருந்தது: இமாட்டினிப். 2000-ஆம் ஆண்டு ஃபின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு அதைக் கொடுத்தபோது, எந்த மருந்துக்கும் அசையாத கட்டிகள் சுருங்கின. 2002-இல் அமெரிக்காவில் இந்தக் கட்டிக்கு அந்த மருந்து அனுமதி பெற்றது. 'ஜிஸ்ட்' என்று இன்று நாம் எழுதும் நோய் இதுதான்.

மருந்து வந்துவிட்டது. உடனே கேள்விகளும் வந்தன. இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது? அறுத்து எடுத்த பிறகு யாருக்குத் திரும்ப வரும், யாருக்கு வராது? யாருக்கு மருந்தைத் தொடர வேண்டும்? இதற்கெல்லாம் பதில் சொல்ல நோயாளிகளைப் பத்துப் பதினைந்து வருடம் பின்தொடர வேண்டும். புதிதாகத் தொடங்கினால் பதில் கிடைப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். பழைய பதிவேடுகளில் பதில் இருக்கிறது. ஆனால் அவற்றில் ஜிஸ்ட் என்ற பெயரே இல்லை. இல்லாத பெயரை எப்படித் தேடுவது?

மேற்கு ஸ்வீடனின் மருத்துவர்கள் செய்ததைப் பாருங்கள். 1983 முதல் 2000 வரை தங்கள் பகுதியில், எந்தப் பழைய பெயரில் இருந்தாலும் சரி, ஜிஸ்ட்டாக இருக்கக்கூடும் என்று தோன்றிய அத்தனை பேரின் பதிவுகளையும் எடுத்தார்கள். 1460 பேர். திசுக்களை மறுபடி பார்த்தார்கள், கிட் புரதத்தைக் காட்டும் புதிய சாயத்தை ஏற்றினார்கள். கடைசியில் தேறியது 288 பேர். மற்ற ஆயிரத்துச் சொச்சம் வேறு நோய்கள். அந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய உழைப்புதான் அந்த 288-ஐ நம்பத்தக்கதாக ஆக்குகிறது. வலையை அகலமாக வீச வேண்டும், பிறகு பொறுமையாகப் பொறுக்க வேண்டும். முதல் வேலையைக் கணினி செய்துவிடும். இரண்டாவது வேலையை நுண்ணோக்கியில் கண் வைத்தவர்தான் செய்ய முடியும்.

வாஷிங்டனில் அமெரிக்க ராணுவத்தின் நோயியல் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே மியெட்டினென், சோபின், லசோட்டா மூவரும் சேகரிப்பில் இருந்த பழைய இரைப்பைக் கட்டிகளை இதேபோல மறுபடி பார்த்து, 1765 ஜிஸ்ட்டுகளை 2005-இல் வெளியிட்டார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைவு, நுண்ணோக்கியின் 50 புலங்களில் 5-க்கும் குறைவான செல்பிளவு என்று இருந்த கட்டிகளில் 2 முதல் 3 சதவீதமே பரவின. 10 சென்டிமீட்டருக்கு மேல், 5-க்கும் மேல் என்றால் 86 சதவீதம். அறுவைக்குப் பிறகு ஒரு நோயாளிக்கு இமாட்டினிப் தொடர வேண்டுமா என்று இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யும்போது, அவர் மேசையில் இருக்கும் அட்டவணைக்கு அடித்தளம் இந்த வேலை.

இதில் என்னை மிகவும் நெகிழவைப்பது ஒன்று உண்டு. 1970-களில் எங்கோ ஒரு மருத்துவமனையில், இரைப்பைக் கட்டி ஒன்றை வெட்டி, "லியோமையோசார்கோமா" என்று எழுதிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் எழுதிய பெயர் இன்று செல்லாது. ஆனால் கட்டியின் அளவு இத்தனை, இரைப்பையின் இந்தப் பகுதி, உள்தோல் புண்ணாகியிருக்கிறது என்று எழுதினார், பிளாக்கைப் பத்திரமாக வைத்தார். அவ்வளவும் பயன்பட்டது. அவர் தவறு செய்தவர் அல்லர், தன் கடமையை முழுதும் செய்தவர். "பெரிய கட்டி, கெட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போன இன்னொருவரின் ரிப்போர்ட், பெயர் சரியாகவே இருந்தாலும், யாருக்கும் உதவாது.

அந்த ராணுவ நிறுவனம் பழமையானது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் தலைமை மருத்துவ அதிகாரி வில்லியம் ஹாமண்ட், போர்க்கள மருத்துவர்கள் நோயுற்ற, காயமுற்ற உறுப்புகளைச் சேகரித்து அனுப்பவேண்டும் என்று உத்தரவிட்டார். அப்படித் தொடங்கிய அருங்காட்சியகம் வளர்ந்து வளர்ந்து, 2011-இல் நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 5.5 கோடி ஸ்லைடுகளும் 3.1 கோடி பிளாக்குகளும் கொண்ட களஞ்சியமாக இருந்தது. சேகரிப்பு வேறொரு ராணுவ மையத்தின் பொறுப்பில் இன்றும் இருக்கிறது.

அந்தக் களஞ்சியத்திலிருந்து வந்த இன்னொரு கதை இது. 1918-இன் விஷக்காய்ச்சல் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றது, நம் நாட்டில் மிக அதிகமாக. அந்தக் கிருமி எப்படிப்பட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மனிதருக்கு வரும் இன்ஃப்ளுயன்சா வைரஸே 1930-களில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. 1990-களின் நடுவில் அந்த நிறுவனத்தின் ஜெஃப்ரி டாபன்பெர்கரும் ஆன் ரீடும், 1918-இல் இறந்த வீரர்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைத் தேடத் தொடங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கேஸ்கள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் இறப்புக்குக் காரணம் இன்ஃப்ளுயன்சா, நிமோனியா என்றுதான் எழுதியிருந்தது. அந்தப் பெயரை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? அவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். நோய் தொடங்கி ஒரு வாரத்துக்குள் இறந்தவர் யார்? ஏனென்றால் வைரஸ் நுரையீரலில் சில நாட்களே இருக்கும். பிறகு வரும் பாக்டீரியா நிமோனியாதான் ஆளைக் கொல்லும், அதற்குள் வைரஸ் போயிருக்கும்.

தெற்குக் கரோலினாவின் ஜாக்சன் முகாமில், 1918 செப்டம்பரில் இறந்த 21 வயது வீரர் ஒருவரின் திசுவில் விடை கிடைத்தது. அவருடைய ஒரு நுரையீரல் பாக்டீரியா நிமோனியாவால் முற்றும் கெட்டிருந்தது. மற்றதில் நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரே உடலில் நோய் ஒன்றில் முந்தியும் மற்றதில் பிந்தியும் இருந்தது. அந்த இரண்டாவது நுரையீரலின் மெழுகுத் துண்டில், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, வைரஸின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. 1997-இல் முதல் முடிவு வெளிவந்தது, 2005-இல் முழு மரபணு வரிசையும் வெளியானது. இடையில் ஜோஹன் ஹல்ட்டின் என்ற முதிய மருத்துவர் அலாஸ்காவின் உறைபனிப் புதைகுழியிலிருந்து எடுத்துவந்த திசுவும் அதற்கு உதவியது. மாணவர்களே, இடது நுரையீரல், வலது நுரையீரல் என்று இரண்டிலிருந்தும் திசு எடுத்துப் பாதுகாத்த அந்த முகாம் மருத்துவரை மறந்துவிடாதீர்கள். சாவு குவிந்துகொண்டிருந்த வாரம் அது. ஒரே துண்டு போதும் என்று அவர் விட்டிருக்கலாம்.

சில சமயம் பதில் நோயின் பெயரிலும் இருக்காது, திசுவிலும் இருக்காது. பதிவேட்டில் யாரும் கவனிக்காத ஒரு கட்டத்தில் இருக்கும். 1966-க்கும் 1969-க்கும் இடையில் பாஸ்டன் நகரில் 15 முதல் 22 வயதுக்குட்பட்ட ஏழு பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஒரு வகைப் புற்றுநோய் கண்டார்கள். அந்த வயதில் அது வரும் நோயே அல்ல. வயது என்ற கட்டம்தான் ஆர்தர் ஹெர்ப்ஸ்டையும் அவரோடு இருந்தவர்களையும் நிறுத்திக் கேட்க வைத்தது. அவர்கள் இன்னொருவரையும் சேர்த்து எட்டு நோயாளிகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒப்பிட நான்கு பெண்களை, அதே மருத்துவமனையில் ஐந்து நாள் வித்தியாசத்துக்குள் பிறந்தவர்களைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தின்போது டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிட்ட 32 பேரில் ஒருவரின் தாயும் சாப்பிட்டிருக்கவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வந்தது, அதே ஆண்டு கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு எச்சரித்தது.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். எல்லா ரிப்போர்ட்டும் கணினியில் இருக்கிறதே, சொல்லைப் போட்டால் வந்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வரும், வேண்டாததும் சேர்ந்து வரும். புற்றுநோய் என்று தேடினால், "புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் குவியும். பெரிய மருத்துவமனையில் அவையே அதிகம். 2001-இல் வெண்டி சாப்மனும் கூட்டாளிகளும் மறுப்பைக் கண்டுபிடிக்கும் எளிய நிரல் ஒன்றை வெளியிட்டார்கள். 'இல்லை', 'காணப்படவில்லை' போன்ற சொற்கள் அருகில் வந்தால் அதை ஒதுக்கும். நல்ல வேலை. ஆனால் எங்கள் ரிப்போர்ட்டுகளில் உண்டு, இல்லை இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது. இதுபோலத் தோன்றுகிறது, இதை முற்றும் விலக்க முடியவில்லை, மறுபடி பயாப்சி எடுத்தால் நல்லது என்று எழுதுகிறோம். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை நிரலிடம் விட முடியாது.

பெயர்களும் பல. சிறுநீரகப் புற்று ஒன்றையே பழைய ரிப்போர்ட்டில் ஹைப்பர்நெஃப்ரோமா என்பார்கள், இன்னொருவர் கிராவிட்ஸ் கட்டி என்பார், இப்போது ரீனல் செல் கார்சினோமா. உணவுக்குழாய்க்கு ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் ஓ முதலெழுத்து, அமெரிக்க முறையில் ஈ. நம் துறைகளில் இரண்டும் புழங்குகின்றன. ஒன்றை மட்டும் தேடினால் பாதி நோயாளிகள் காணாமல் போவார்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1965-இல் அமெரிக்க நோயியலாளர் கல்லூரி, உறுப்பு, தோற்றம், காரணம், செயல்பாடு என்ற நான்கு கோணங்களில் குறியீடு கொடுக்கும் முறையை உண்டாக்கியது. அதன் பேரப்பிள்ளைதான் இன்று ஸ்நோமெட் என்று வழங்குகிறது. குறியீடு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் குறியீடும் அன்றைய பெயர்தான், எண் வடிவில் இருக்கிறது. லியோமையோசார்கோமாவின் எண்ணைப் பெற்ற கட்டி, தானாக ஜிஸ்ட் ஆகிவிடாது.

நோயியல் ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் வேலையை நெதர்லாந்து நாடு தழுவிச் செய்திருக்கிறது. பால்கா என்ற அமைப்பு 1971-இல் தொடங்கியது. 1991 முதல் அந்த நாட்டின் எல்லா நோயியல் கூடங்களும் தங்கள் ரிப்போர்ட்டின் சுருக்கத்தை அதற்கு அனுப்புகின்றன. ஒருவர் ஊர் மாறி வேறு மருத்துவமனைக்குப் போனாலும், அவருடைய பழைய பயாப்சியின் முடிவைப் புதிய மருத்துவர் பார்த்துவிட முடியும். ஆராய்ச்சிக்குக் கேட்பவருக்கோ நோயாளி யார் என்று தெரியாதபடி தகவல் போகும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? நாம் வெறுங்கையோடு இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில், அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னைக்கான மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. மேலைநாடுகளில் தகவல் பதிவேட்டுக்கு வந்து சேரும். இங்கே பதிவேட்டின் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, லேப் லேப்பாக ஏறி இறங்கி, எங்கள் ரிஜிஸ்டர்களைப் புரட்டி எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒரே லட்சுமி அம்மாள் மூன்று இடங்களில் மூன்று விதமான ஆங்கில எழுத்துகளில் பதிவாகியிருப்பார், ஒன்றில் தகப்பனார் இனிஷியல், இன்னொன்றில் கணவருடையது. அவர் ஒருவரா மூவரா என்று வயதையும் முகவரியையும் ஒப்பிட்டு முடிவு செய்கிறவர்கள் அவர்கள். சென்னையில் கருப்பைவாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று கூடியது என்று நாம் இன்று உறுதியாகச் சொல்வது அந்த உழைப்பினால்தான். அவர்கள் வரும்போது நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கேட்ட ரிஜிஸ்டரை எடுத்துக்கொடுங்கள் என்று ஒவ்வொரு துறைத் தலைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள், உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அது குறைந்தபட்சம். பல இடங்களில் அதுவே எல்லையாகி, பழையவை எடைக்குப் போகின்றன. ஜாக்சன் முகாமின் பிளாக் மூன்று ஆண்டுகளில் கொட்டப்பட்டிருந்தால்? இடம் இல்லை என்பது உண்மை, எனக்கும் தெரியும். பிளாக்கைப் பூச்சி அரிக்கும், கோடையில் மெழுகு இளகும். இருந்தாலும் ஒரு பிளாக் பிடிக்கும் இடம் தீப்பெட்டி அளவுகூட இல்லை.

கற்பித்தலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1912-இல் பாஸ்டனின் ரிச்சர்ட் காபட், 3000 பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, உயிரோடு இருந்தபோது மருத்துவர்கள் சொன்ன நோயோடு ஒப்பிட்டார். நீரிழிவை 95 சதவீதமும் டைஃபாய்டை 92 சதவீதமும் சரியாகக் கண்டிருந்தார்கள். திடீர்ச் சிறுநீரக அழற்சியைச் சரியாகக் கண்டது 16 சதவீதம்தான். தன் சொந்த மருத்துவமனையின் கணக்கை அவர் ஊரறிய அச்சிட்டார். அவர் வளர்த்த வகுப்புமுறைதான், ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்து, மருத்துவர் யோசித்துச் சொன்னபின் நோயியலாளர் உண்மையைத் திறந்துகாட்டும் நம் சி.பி.சி. கூட்டங்கள். அதற்கு ஆதாரம் அலமாரியில் இருக்கும் பழைய கேஸ்கள். அரிய நோய்களை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள். ஒரு மாதம் வந்த குடல்வாலை எல்லாம் வரிசையாக எடுத்து, அழற்சி இல்லாததையும் சேர்த்து, மாணவர் கையில் கொடுங்கள். ஊசிப் பரிசோதனையில் சொன்னதையும், பிறகு அறுத்தபோது கண்டதையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் பொதுமக்கள், எங்கள் பெயரும் நோயும் எவர் கைக்கும் போகலாமா என்று மனதுக்குள் கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்திருந்தது வெளிவந்து, 2001-இல் விசாரணை அறிக்கை வந்தபோது அந்த நாடே துடித்தது. 2004-இல் புதிய சட்டம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை ஆராய நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தால் தனித்தனி சம்மதத்துக்கு விலக்கு அளிக்க இடம் தருகின்றன. ஆனால் பெயரை அழிப்பது மட்டும் போதாது. ஒரு சிறிய ஊர், ஓர் அரிய நோய், ஒரு வயது என்று இருந்தால் ஊரார் ஆளைக் கண்டுகொள்வார்கள். ரிப்போர்ட்டின் நடுவில் சர்ஜனின் பெயரும், உறவினர் வந்து சொன்ன விவரமும் ஒளிந்திருக்கும். அதைப் படித்து நீக்குவது தேடுகிறவரின் கடமை. நோயாளியைச் சேர்க்கும்போதே, மிச்சத் திசு ஆராய்ச்சிக்குப் பயன்படலாம் என்று அவர் மொழியில் சொல்லிவிடுவதும் எங்கள் கடமை.

எம்.டி. நோயியல் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் "எங்கள் துறையில் ஐந்தாண்டுகளில் இந்த நோய் 64 பேருக்கு" என்பதுபோல ஓர் எண்ணை எழுதிவிட்டு மேலே போய்விடாதீர்கள். எந்தச் சொற்களைத் தேடினீர்கள், எந்தப் பழைய பெயர்களைச் சேர்த்தீர்கள், எத்தனை வந்தது, எத்தனையை எதற்காக விலக்கினீர்கள், எத்தனை பிளாக் கிடைக்கவில்லை, ஸ்லைடுகளை மறுபடி பார்த்தது யார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நம் மருத்துவமனைக்கு யார் வருகிறார்கள், யார் தனியாரிடம் போய்விடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். வழிகாட்டிகள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும், தேர்வாளர்கள் அதில் கேள்வி கேட்க வேண்டும். அடுத்த தேர்விலேயே இதைத் தொடங்க முடியும், இதற்குத் தனியாகப் பணம் வேண்டியதில்லை.